ஒற்றை ஆளுக்குத் திறக்காத மதகு

நான் செய்த வேலையை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தச் சந்தில் வேண்டுமானாலும் நுழைந்து கேட்டுப் பாருங்கள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு, ஆயில் டின் கழுவுகிற வேலையில் சேர்ந்தவன் நான். இன்றைக்கு என் சொந்த ஷெட்டில் என் லேத் ஓடுகிறது. நான் வெல்டு வைத்த இடம் பிரிந்ததென்று ஒருத்தன் வந்து சொல்லட்டும், ஷெட்டுச் சாவியை அவனிடமே கொடுத்துவிடுகிறேன். அப்படிப்பட்ட என் வேலையை ஒரே ஒரு ஆள் வேண்டாம் என்று தள்ளியது உண்டு. மோசமாக இருக்கிறதென்று தள்ளவில்லை. ரொம்ப நன்றாக இருக்கிறதென்று தள்ளினார்.

பூந்தமல்லி கடைத்தெருவில் கயிறு, வலை, தார்ப்பாய் விற்ற பாயம்மாதான் அது. அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டுக்கு வெளியே அது புழங்கி நான் கேட்டதில்லை. வீட்டுக்காரர் போன பிறகு கடையை அவரே நடத்தினார். ஒல்லியான உடம்பு, தலையில் இழுத்துவிட்ட முந்தானை, தெருக்கோடி வரை கேட்கிற குரல். பேசிக்கொண்டே இருப்பார், நடந்துகொண்டே இருப்பார். நாம் ஒரு பக்கம் பார்த்துப் பதில் சொல்வதற்குள் அவர் மறுபக்கம் போயிருப்பார். அவரோடு அரைமணி நேரம் இருந்தால் எனக்குக் கழுத்து வலிக்கும்.

அவரிடம் கயிறு வாங்குவதும் லேசில் முடியாது. கயிற்றின் ஒரு முனையை நம் கையில் கொடுப்பார். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து, கடையை விட்டுத் தெருவில் இறங்கி, அங்கிருந்து இழுப்பார். நாமும் இழுக்க வேண்டும். நடுவில் சைக்கிள் வந்தால் சைக்கிள்காரன் நிற்க வேண்டியதுதான்.

"நீங்களே இழுத்துக் காட்டுங்க பாயம்மா, நான் நம்புறேன்" என்று ஒரு தடவை சொன்னேன்.

"நீ நம்புறது எனக்கு எதுக்கு அண்ணாத்தே? இழு. புரி நழுவுச்சுன்னா ரெண்டு பேருக்கும் தெரியட்டும். நாளைக்கு வந்து என்னாண்ட கத்த மாட்ட பாரு."

கயிற்றோடு இது நிற்கவில்லை, அவருடைய குணமே அதுதான். எந்த விஷயமும் ஒரு ஆள் கையில் மட்டும் இருக்கக் கூடாது அவருக்கு. சண்டைக்காரனைப் பார்த்தால் சமாதானம் பேச மாட்டார். அவன் கையில் எதையாவது பிடிக்கக் கொடுத்துவிடுவார்.

ஒரு வருஷம் நமக்கும் ஆந்திராவுக்கும் தண்ணீர்த் தகராறு முற்றிப்போயிருந்தது. டிவியில் காலையிலிருந்து அதே பேச்சு. எல்லைக்குப் போன என் வண்டியின் கண்ணாடியை, தமிழ்நாட்டு நம்பர் என்பதற்காகவே கல்லால் உடைத்தார்கள். பதிலுக்கு நம்ம ஆட்கள் பூந்தமல்லியில் ஒரு ஆந்திரா லாரியை மறித்தார்கள். கத்திரிக்காய் லோடு. டிரைவர் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே வெளுத்துப் போய் உட்கார்ந்திருக்கிறான். கூட்டத்தில் நானும் நின்றேன், எனக்கும் கோபம் இருந்தது. பாயம்மா ஒரு கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"டேய், தார்ப்பாய் அவுந்து தொங்குது, கண்ணு தெரியல உங்களுக்கு? நீ இந்தப் பக்கம் புடி. நீ மேல ஏறு. இன்னா பாக்குற, கட்டத் தெரியாதா?"

"பாயம்மா, நாங்க லாரிய மறிக்க வந்துகீறோம்."

"மறிச்சாச்சுல்ல, நிக்குதுல்ல. நின்ன வண்டிய கட்டறதுக்கு இன்னா? கை சும்மா கீது, அதான் வாயி ஓடுது."

ஒருத்தன் மேலே ஏறினான். இன்னொருத்தன் இந்தப் பக்கம் இழுத்தான். அந்தப் பக்கம் இழுக்க ஆள் வேண்டும் என்று டிரைவரையும் இறக்கினார். கட்டி முடித்தபோது மறிக்க வந்தவன் டிரைவரிடம், "முடிச்ச இப்படிப் போடக் கூடாதுபா, நவுந்துரும்" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தான். லாரி போய்விட்டது. எனக்குத்தான் என் கண்ணாடி ஞாபகம் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் என் ஷெட்டுக்கு வந்தார். லேத்துக்கும் வெல்டிங் மேடைக்கும் நடுவே இங்கும் அங்குமாக நடந்தபடி பேசினார்.

"அண்ணாத்தே, ஒரு மதகுக் கதவு செஞ்சு குடு."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்."

"அப்போ ரெண்டு கதவா?"

"கதவு ஒண்ணுதான். சண்டைதான் ரெண்டு."

ஊத்துக்கோட்டை தாண்டி எல்லையில் ஒரு ஏரி இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்த கண்ணுக்கு அது குட்டைதான். கரையும் மதகும் நம் பக்கம், தண்ணீர் பரவி நிற்பது முக்கால்வாசி ஆந்திராப் பக்கம். ஏரி நிரம்பினால் அவர்கள் நிலத்திலும் வீட்டிலும் தண்ணீர் ஏறும். அதனால் மதகைத் திற என்பார்கள் அவர்கள். திறந்தால் நம் பக்கத்து வயலுக்கு அறுவடை வரை தண்ணீர் நிற்காது. அதனால் மூடு என்பார்கள் இவர்கள். இவர்கள் ஒரு பூட்டுப் போட, அவர்கள் உடைத்து வேறு பூட்டுப் போட, ஒரு மழையில் இரண்டு ஊரும் கடப்பாறையோடு கரையில் மோதிக்கொண்டன. நம் பக்கத்துப் பையன் ஒருத்தனுக்கு மண்டை உடைந்தது. அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. அந்த ஆள் பாயம்மாவின் மருமகன். மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது ஆந்திராப் பக்கத்தில், ஏரிக்கு ஒட்டின பள்ளத்து வீட்டில்.

சண்டையில் கதவு வளைந்துவிட்டது. சரிசெய்ய வேண்டியது அந்த மாநிலம் என்றது இங்கிருந்த ஆபீஸ். இந்த மாநிலம் என்றது அங்கிருந்த ஆபீஸ்.

"என் வண்டிக் கண்ணாடிய ஒடச்சவனுங்களுக்கு நான் வெல்டு வெக்க மாட்டேன்" என்றேன்.

"ஒடச்சவன் யாருன்னு காட்டு, அவனையே கூட்டியாந்து மாட்டச் சொல்றேன். இப்போ நீ செய்வியா? இல்ல திருவேற்காட்டு ரோட்ல யாரோ ஒருத்தன் உன்னவிட நல்லா செய்வானாமே, அவனாண்ட போவட்டா?"

அவனா? அவன் இரும்புக் கேட்டுக்கு அடித்த பெயின்டு காய்வதற்குள் துரு பிடிக்கும். செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செய்தேன் பாருங்கள், அப்படி ஒரு கதவு. பல்சக்கரம் வைத்து, நல்ல பேரிங் போட்டு, ஷெட் வாசலில் சட்டம் அமைத்து நிறுத்தினேன். ஆளுயர இரும்புக் கதவை ஒற்றை விரலால் சுற்றி மேலே ஏற்றினேன். பக்கத்து ஷெட்டுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். பாயம்மாவும் பார்த்தார். ஒரு தடவை சுற்றிவந்து பார்த்தார், தானே ஒரு விரலால் சுற்றியும் பார்த்தார்.

"இது வேணாம்."

"இன்னா குறை?"

"ஒரு குறையும் இல்ல. அதான் வேணான்றேன். ஒரு வெரல்ல தொறக்குது. எவனோ ஒருத்தன் பல்லு விளக்கினே வந்து தொறந்துட்டுப் போயிடுவான். ஒரு ஆளால தொறக்கவே முடியாத கதவு வேணும் அண்ணாத்தே. அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தன், ரெண்டு பேரும் வந்து நின்னாதான் அது நவுரணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேலையை லேசாக்கத்தான் இத்தனை காலம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். கஷ்டமாக்கிக் கொடு என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. போ என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. சாப்பிடும்போதும் அதே நினைப்பு. கடைசியில் வீட்டுப் பழைய மேசையின் இழுப்பறையை ஒரு பக்கமாக இழுத்தபோது அது கோணிக்கொண்டு சிக்கியது பாருங்கள், அங்கே பிடித்தேன். கதவின் இரண்டு ஓரத்திலும் தனித்தனியாகத் திருகுத் தண்டு வைத்தேன். ஒன்றை மட்டும் சுற்றினால் கதவு ஒரு பக்கம் சாய்ந்து சட்டத்துப் பள்ளத்தில் இறுகிக்கொள்ளும். இரண்டையும் சேர்ந்து, ஒரே வேகத்தில் சுற்றினால்தான் ஏறும். கைப்பிடிகளைக் கழற்றி எடுத்துப் போகலாம். தண்டுத் தலையை எந்த ஸ்பானரும் பிடிக்காத வடிவத்தில் நானே கடைந்தேன். இதை இந்தியாவில் வேறு எவனாவது செய்திருந்தால் காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று சேர்த்தேன். பொருத்தும்போதும் பழுது பார்க்கும்போதும் நான் ஒண்டியாக ஏற்றி இறக்க வேண்டுமே. அதற்காக இரண்டு தண்டையும் இணைக்கிற ஒரு குறுக்குக் கம்பி வைத்து, அதில் ஒரு துளை போட்டேன். என் பெட்டியில் இருக்கிற கட்டை விரல் தடிமன் இரும்பு ஆணியை அந்தத் துளையில் செருகினால், ஒரு ஆள் ஒரு கைப்பிடியை வைத்தே இரண்டையும் சுற்றலாம். இதைப் பாயம்மாவிடம் மட்டும் சொல்லி வைத்தேன்.

கதவு பொருத்தப் போனால் மதகு வாயில் ஆகாயத்தாமரை மெத்தை போல அடைத்துக் கிடந்தது. பாயம்மா கடையிலிருந்த பெரிய வலையைக் கொண்டுவந்து ஒரு தலைப்பை அந்த ஊரிடமும் ஒரு தலைப்பை இந்த ஊரிடமும் கொடுத்தார். இழுக்கும்போது முழுக்க வசவுதான்.

"இன்னாய்யா, உங்க பக்கம் சாம்பார் சாதம் துன்னுட்டு வந்தீங்களா, இழுப்பே இல்ல" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தன் கேட்டான்.

"உங்க காரத்த துன்னுட்டு வயிறு எரியுதுன்னு அவசரப்படாதே. வலை கிழியுது, மெதுவா" என்றான் இவன்.

வலை கிழியவில்லை. மதகு வாய் தெரிந்தது.

கைப்பிடிகள் யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் மறுபடி கூச்சல். தலைவர்களிடம் கொடுக்கச் சொன்னார்கள். பாயம்மா ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீரைத் திறந்தால் யாருக்கு அதிக நஷ்டமோ அவரிடம் ஒன்று, மூடினால் யாருக்கு அதிக நஷ்டமோ அவரிடம் ஒன்று என்றார். நம் பக்கத்தில் கால்வாயின் கடைசி வயல்காரர், ஒரு பெரியவர், வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் முதலில் நனைவது பாயம்மாவின் மகள் வீடுதான். மருமகன் வாங்கிக்கொண்டான்.

"கடைசியில உன் மருமவன் கைக்கே வந்துச்சா?" என்று ஒருத்தன் கேட்டான்.

"அவன் ஊட்டவிட முன்னால நனையற ஊடு எதுன்னு சொல்லு, புடுங்கி அங்க குடுத்துடறேன்" என்றார். கைப்பிடி மருமகனிடமே இருந்தது.

முதல் மழைக்காலம் சண்டையில்லாமல் கழிந்தது. இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் ஒரே நாளில் வந்து, ஏரியில் ஒரே அளவுகோலை நட்டு, இருவரும் அதையே படித்துவிட்டுப் போனார்கள். அதுவரை அவர்கள் அளவு வேறு, இவர்கள் அளவு வேறு. ஆனால் பெரியவருக்கு அடி விழுந்தது. பெருமழை வருகிறதென்று கரையில் பேசி முன்கூட்டியே திறந்தார்கள். திறந்த பிறகு மழை நின்றுவிட்டது. அவருடைய நெல் கருகியது. மருமகன் ஒரு மூட்டை நெல் அனுப்பினான், பெரியவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து பாயம்மா இன்னும் அதிகமாக நடக்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எல்லையில் இரண்டு நாட்டுப் படைகள் முறைத்துக்கொண்டு நிற்பதைக் காட்டினார்கள். பாயம்மா வலையை மடித்தபடி கேட்டார்.

"ஏன் அண்ணாத்தே, இவங்களுக்கு நடுவுல ஒரு ஏரிகூடவா இல்ல?"

"ஆறே ஓடுது பாயம்மா. மலை கீது, பனி கீது. அங்க வைக்கோல் கொளுத்தினா இங்க இருமுறான், இங்க கொளுத்தினா அங்க இருமுறான்."

"அப்போ புடிக்கிறதுக்கு இவ்ளோ கீது. குடுக்கறதுக்குத்தான் ஆள் இல்ல."

கூப்பிட்டால் நான் போய்ச் செய்து கொடுப்பேன் என்றேன். சும்மா சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் வந்தது சோதனை. காலையிலிருந்து விடாத மழை. செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி, எப்போது திறக்கிறார்கள் என்றுதான் ஊர் முழுக்கப் பேச்சு. காட்டுப்பாக்கத்து அடுக்குமாடிகளில் காரை மேட்டில் ஏற்றி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய் வாங்க நான் பூந்தமல்லிக் கடைக்குப் போயிருந்தேன். கடையில் கூட்டம். அப்போது பாயம்மாவின் மகள் போன் செய்தாள். கூட்டத்துச் சத்தத்தில் கேட்பதற்காகப் பாயம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"ம்மா, அடுப்புல தண்ணி பூந்துடுச்சு. அவரு கைப்பிடிய எடுத்துனு கரையில நிக்கிறாரு. அந்தப் பெரியவரு வர மாட்டேன்னுட்டாராம். ஏதாச்சும் பண்ணும்மா."

நான் பாயம்மாவின் காதருகே போய்ச் சொன்னேன். "ஆணி என் வண்டியிலதான் கீது. கொண்டுபோய்ப் போட்டா உங்க மருமவன் ஒண்டியா தொறந்துடுவான். யாரையும் கெஞ்ச வேணாம்."

"வண்டிய எடு" என்றார்.

ஆவடி, திருநின்றவூர் வழியாகக் குட்டியானை வண்டியை ஓட்டினேன். ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாத மழை. பாயம்மா பக்கத்தில் உட்காரவே முடியாமல் நெளிந்துகொண்டிருந்தார். கதவைத் திறந்து தலையை நீட்டித் தண்ணீரைப் பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். மகளிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. கட்டில் மிதக்கிறதாம். ஆடுகளை அவிழ்த்துவிட்டாளாம். ஏரிக்கரைக்கு இடதுபுறம் திரும்ப வேண்டிய முனை வந்தது. திருப்பினேன்.

"நேரா போ அண்ணாத்தே."

"கரை இப்படித்தான் பாயம்மா."

"தெரியும். பெரியவர் ஊடு நேரா."

பெரியவர் வீட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைப்பிடி அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்தார்.

"போன வருஷமும் இப்படித்தான் வந்து நின்னாங்க. தொறந்தேன். மழை நின்னுபோச்சு. பால் புடிக்கிற நேரத்துல என் பயிரு கருகுச்சு. அப்போ எவன் வந்து நின்னான்?"

"மூட்டை அனுப்ச்சாங்களே, நீதான வேணான்ன" என்றார் பாயம்மா.

"மூட்டையா கேட்டேன் நான்? ஒருத்தன் வந்து வயல்ல எறங்கிப் பாத்தானா? உன் மருமவன் பாத்தானா? நீ பாத்தியா?"

பாயம்மா பார்க்கவில்லை என்பது உண்மை. எனக்குப் பொறுக்கவில்லை. நேரம் போய்க்கொண்டிருக்கிறது. வாங்க போகலாம் என்று பாயம்மாவுக்கு ஜாடை காட்டினேன்.

"அண்ணாத்தே, அத எடுத்தா."

வண்டியிலிருந்து ஆணியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அந்த ஆணியைப் பெரியவர் மடியில் வைத்தார்.

"இன்னாது இது?"

"இத மதகுல ஒரு துளையில சொருவினா ஒரே ஆளு தொறக்கலாம். நீ வேணாம். உன் கைப்பிடியும் வேணாம்."

பெரியவர் ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் செய்த வேலையை நினைத்து முதல் தடவையாக எனக்குப் பெருமையாக இல்லை.

"அப்புறம் இன்னாத்துக்கு இங்க வந்த?"

"இன்னிக்கு இதப் போட்டு தொறந்துடலாம். நாளைக்கு நீ கடப்பாறைய தூக்கினு வருவ, அவன் கம்பிய தூக்கினு வருவான். என் பொண்ணு இன்னிக்கு ஒரு நாள் மட்டுமா அந்த ஊட்ல இருக்கப்போறா? உன் வயல நான் வந்து பாக்கல. அது தப்புதான். வரேன். இப்போ நீ வா."

போன் மறுபடி அடித்தது. பாயம்மா எடுக்கத் தயங்கினார். பெரியவர் கையை நீட்டி அதை வாங்கிக் காதில் வைத்தார். பாயம்மா என்று நினைத்து மகள் பேசினாள். வாசலோரம் நின்ற எனக்கே கேட்டது.

"ம்மா, பின் செவுரு விழுந்துடுச்சும்மா. ரெண்டு ஆடு உள்ள மாட்டிக்கிச்சு. எங்க கீற நீ?"

"வந்துனு கீறோம்மா" என்றார் பெரியவர்.

கைப்பிடியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கரையில் மருமகன் தனியாக நனைந்துகொண்டு நின்றான். அவனும் பெரியவரும் ஆளுக்கொரு ஓரத்தில் கைப்பிடியை மாட்டினார்கள். "பத்து சுத்து. அதுக்கு மேல போனா எனக்குத் தண்ணி இல்ல" என்றார் பெரியவர். மருமகன் தலையாட்டினான். இவர் தமிழில் எண்ண, தெலுங்குப் பள்ளியில் படித்த அவன் தெலுங்கில் எண்ண, கதவு கோணாமல் ஏறியது. என் வேலை, ஏறாமல் எங்கே போகும். தண்ணீர் கர்ஜித்துக்கொண்டு வெளியேறியது. பெரியவர் அது தன் வயல் பக்கம் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மருமகன் இறங்கியபோது பெரியவரும் கூடவே இறங்கினார். அந்த ஊருக்குள் அவர் அதற்கு முன்னால் காலே வைத்ததில்லை. வீட்டில் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. பின்சுவர் மண்குவியலாகக் கிடந்தது. இரண்டு ஆடுகளையும் இழுத்து ஓரமாகப் போட்டு, மேலே சாக்கை மூடியிருந்தார்கள். மகள் முன் அறையில் மேடு போட்டு ஸ்டவ்வைப் பற்றவைத்திருந்தாள். பெரியவர் சட்டையைக் கழற்றிப் பிழியும்போது ஆணி கீழே விழுந்து சத்தம் போட்டது. அதை எடுத்துப் பார்த்த மருமகன், இது என்ன என்று கேட்டான். பெரியவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"இது உன் கையில இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு."

"எப்போலேர்ந்து?"

"பூந்தமல்லியிலேர்ந்து."

மகள் டீயை வடித்தாள். பெரியவருக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். எனக்கு ஒன்று, புருஷனுக்கு ஒன்று. பாத்திரத்தில் இன்னும் இருந்தது. அதை மூடிவைத்துவிட்டுச் சேற்றை வாரப் போய்விட்டாள். பாயம்மா வாசலுக்கும் விழுந்த சுவருக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். மகள் வாரிய சேற்றைத் தானும் வாரக் குனிந்தார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு வேறு மூலைக்குப் போனாள்.

பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் டம்ளரிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அலமாரியில் இருந்த வேறொரு டம்ளரைத் தானே எடுத்து, பாதி டீயை அதில் ஊற்றி, பாயம்மாவிடம் நீட்டினார்.

"குடி. ஆறிடும்."

பாயம்மா வாங்கிக் குடித்தார். நடக்காமல் ஒரே இடத்தில் நின்று குடித்தார். மகள் பார்த்தாள், வரவில்லை.

கூரை மேல் மழை மறுபடி வலுத்தது. பெரியவர் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு, மருமகனைப் பார்த்து, "இன்னும் அஞ்சு சுத்து போடலாம், வா" என்றார்.